மூக்கு வைத்த கதவு

பேச்சித்தாய் மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்படி அடக்கிய பிறகுதான் அவள் தங்கபுஷ்பத்தின் முகத்தருகே கையைக் கொண்டுபோகலாம். வெள்ளை அங்கியின் ஜிப்பை இடுப்பிலிருந்து தொண்டைவரை இழுத்து, தலைமூடியை நெற்றிக்கு இறக்கி, முகமூடியின் நாடாவைப் பின்னால் முடிந்து, கண்ணாடியைப் பொருத்தி, இரண்டடி பின்னால் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்ற பிறகுதான் மூச்சை விடலாம். உடுத்திவிடுகிறவளின் மூச்சு உடுத்துகிறவர்மேல் படக்கூடாது என்பது அந்த அறையின் விதி.

“அம்பது எண்ணுததுக்குள்ள முடிச்சிட்டேன் மதினி,” என்றாள் சுவரைப் பார்த்தபடியே. “கடக்கரைப் பக்கம் பொறந்திருந்தா முத்துக்குளிக்கப் போயிருப்பேன். இங்க வந்து ஒங்களுக்குச் சட்டை மாட்டிட்டு நிக்கேன்.”

தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. முகமூடிக்குள் அவளும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றாள். பேச்சித்தாயின் உடம்பிலிருந்து ஏதோ வருவதுபோல் அவளுக்குத் தோன்றும். என்ன வாசனை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உண்மையில் வாசனை என்று ஒன்றும் இல்லை. பேச்சித்தாய் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஆய்வுக்கூடம் கொடுக்கிற மணமில்லாத சோப்பைத் தேய்த்துக் குளிக்கிறவள். ஆனால் அவள் உள்ளே வரும்போதெல்லாம் கதவின் மேலே எழுபத்தொன்று என்று சிவப்பில் எரிந்ததே, அந்த எண்ணுக்கு வாசனை இருந்தது.

அந்தக் கதவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். குமட்டுகிற இடங்கள் இருக்கின்றன.

கருங்கல்பொத்தை என்பது ஒரு மொட்டைப் பாறையின் அடிவாரத்தில், விண்ணொளி ஆய்வுக்கூடத்துக்காகவே எழுந்த ஊர். நீலவிழி என்ற தொலைநோக்கியை அங்கேதான் செய்தார்கள். அது புற ஊதா ஒளியைப் பார்க்கிற கண். அந்த ஒளி தரைவரை வந்து சேராது. காற்றே அதைக் குடித்துவிடும். அதனால் கண்ணை விண்ணுக்கே அனுப்ப வேண்டும். அனுப்பினாலும் அதற்கு ஒரு பெரிய எதிரி உண்டு. அது நம் உடம்பு. மனிதத் தோலிலிருந்து ஓயாமல் ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய், வேர்வை, பூசிய பவுடர், தின்ற பூண்டு எல்லாம் கண்ணுக்குத் தெரியாத புகையாக எழும். அது தொலைநோக்கியின் கண்ணாடிமேல் ஈரத்துணியால் துடைத்த அளவுக்குக்கூட இல்லாத ஒரு மெல்லிய படலமாகப் படிந்தால் போதும், புற ஊதாவுக்கு அது கறுப்புத் திரை.

அதற்காகத்தான் கதவில் மூக்கு வைத்தார்கள். கதவுச் சட்டத்தில் சின்னச் சின்னத் துளைகள். நடுவில் நீங்கள் நின்றால் உங்களைச் சுற்றியிருக்கிற காற்றை உறிஞ்சி, உங்கள் உடம்பு எவ்வளவு ஆவி விடுகிறது என்று ஓர் எண்ணைக் காட்டும். நாற்பதுக்குக் கீழே இருந்தால் கண்ணாடி இருக்கும் உள்ளறைக்குப் போகலாம். மேலே இருந்தால் வெளியறையோடு சரி. அவ்வளவுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

ஆறு மாதத்தில் கேன்டீனில் நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனி மேசை வந்தது. அவர்கள் வேலை நேரத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து எதையும் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாதாம். அதுவும் நியாயமாகத்தான் தோன்றியது. பிறகு பஸ்ஸில் முன் இருக்கைகள். பிறகு குடியிருப்பில் முதல் வரிசை வீடுகள். பள்ளிக்கூட வாசலில் ஒரு மூக்கு. கல்யாணத் தரகர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “பையனுக்கு இருவத்திரண்டு, பொண்ணு முப்பதுக்குள்ள இருந்தாப் பாக்கலாம்” என்பார். வயதைச் சொல்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தாய் தன் பிள்ளையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து, தோல் உரிந்து அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவில் நிறுத்தினாள். முப்பத்தெட்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள்.

இதில் எதற்கும் யாரும் உத்தரவு போடவில்லை. அதுதான் வயிற்றைப் புரட்டுகிற விஷயம். மேலிருந்து ஒரு காகிதம்கூட வரவில்லை. எல்லாம் தானாக வந்தது, எப்போதோ பழகியிருந்ததுபோல.

தங்கபுஷ்பத்தின் எண் பதினொன்று. ஆய்வுக்கூடத்திலேயே குறைந்த எண். அதற்காக அவள் எதுவும் செய்யவில்லை. அவளுக்குப் பிறவியிலேயே வறண்ட தோல். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவளை உடும்பு என்றுதான் கூப்பிட்டார்கள். கையைத் தொட்டால் சொரசொரக்கிறது என்று விளையாட்டில் கைகோக்க மாட்டார்கள். அதே உடும்புத் தோல் ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு முதல் வரிசையில், பாறையைப் பார்த்த ஜன்னலோடு ஒரு வீட்டைக் கொடுத்தது. கணவர் போய் ஒன்பது வருஷம். தனி ஆளுக்கு அந்த வீடு பெரிது. ஆனாலும் அந்த ஜன்னலில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது, உடும்பு என்று சொன்ன ஒவ்வொரு முகமும் அவளுக்கு ஞாபகம் வரும். காப்பி இனிக்கும்.

கண்ணாடியைத் துடைப்பதும் சாட்சித் தகட்டைப் பார்ப்பதும் அவள் வேலை. சாட்சித் தகடு என்பது உள்ளங்கையளவு கண்ணாடிச் சில். தொலைநோக்கிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். பெரிய கண்ணாடியில் என்ன படிகிறதோ அது இதிலும் படியும். வாரம் ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் உள்ளறையில் நடந்தது தெரிந்துவிடும்.

நீலவிழி விண்ணுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அடுத்த தொலைநோக்கியின் கண்ணாடி உள்ளறையில் தயாராகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதைத் துடைத்து முடித்து வெளியே வந்தபோது, ரஹ்மத் நிஷா அவளுக்காக நடையில் காத்திருந்தாள். நீலவிழி அனுப்புகிற படங்களைப் பார்க்கிற வானியல்காரி. மேலப்பாளையத்துப் பெண். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், அதற்குள் முன்தலையில் நரை. எண் நாற்பத்தேழு. அதனால் தன் தொலைநோக்கியை அவள் ஒரு தடவைகூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

“புஷ்பம்க்கா, கொஞ்சம் வாங்க. ஒண்ணு காட்டணும்.”

திரையில் ஒரு படம். கரும்பலகையில் சுண்ணாம்புத் தூளை ஊதியதுபோல் புள்ளிகள்.

“இது என்ன?”

“ஒரு நட்சத்திரக் கூட்டம். பந்து மாதிரி திரண்டு கிடக்கும். லட்சக்கணக்கான நட்சத்திரம், எல்லாம் ஒரே காலத்துல பொறந்தது. கெழடுங்க. சாதாரணக் கேமராவுல பாத்தா தேர்க்கூட்டம் மாதிரி ஒரே நெரிசல், ஒண்ணும் பிரிச்சுப் பாக்க முடியாது. புற ஊதாவுல பாத்தா செவந்துபோன கெழடெல்லாம் மறைஞ்சிரும். ரொம்பச் சூடானது மட்டும் நீலமாத் தெரியும்.”

“கெழட்டுக் கூட்டத்துல சூடானது எங்கேருந்து வந்துச்சு?”

“அதைத்தான் நான் பதிமூணு வருஷமாத் தேடுதேன். சிலது வயசாகி மேல்தோலை உதறிரும், உள்ள இருக்க சூடு வெளிய தெரியும். சிலது பக்கத்துல இருக்க நட்சத்திரத்தை உறிஞ்சிக் குடிச்சுட்டு எளசா மினுக்கிட்டு நிக்கும்.”

“நம்ம ஆபீஸ்லயும் நாலு பேரு அப்படி உண்டும்லா,” என்றாள் தங்கபுஷ்பம்.

நிஷா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “மொத மாசம் முந்நூத்திப் பன்னிரண்டு நீல நட்சத்திரம் இருந்துச்சுக்கா. மாசம் ஒருவாட்டி இதே கூட்டத்தைத்தான் பாப்போம், நம்ம கண்ணு சரியா இருக்கான்னு. அடுத்த மாசம் முந்நூத்தி ஒம்பது. பெறவு இருநூத்தி எம்பத்தேழு. இன்னைக்கு இருநூத்தி நாப்பத்தொண்ணு.”

“செத்துப் போயிட்டா?”

“நட்சத்திரம் மாசத்துக்கு அம்பது சாவாது. அதெல்லாம் அங்கேதான் இருக்கு, எரிஞ்சிட்டுதான் இருக்கு. நம்ம கண்ணுலதான் அழுக்கு.”

தங்கபுஷ்பம் தன் கையைப் பார்த்தாள். அந்தக் கண்ணாடியைக் கடைசியாகத் துடைத்தது அவள் கை.

செய்தி மத்தியானத்துக்குள் ஆய்வுக்கூடம் முழுக்கப் பரவியது. சாயங்காலத்துக்குள் யார் காரணம் என்பதும் முடிவாகிவிட்டது. எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? நீலவிழியை விண்ணுக்கு அனுப்பப் பெட்டியில் வைத்து மூடின நாளன்று கட்டடத்துக்குள் இருந்தவர்களின் பட்டியலை எடுத்து, எண் வரிசைப்படி அடுக்கினார்கள். உச்சியில் எழுபத்தொன்று. பேச்சித்தாய்.

அவள் உள்ளறைக்குள் கால் வைத்ததே இல்லை என்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. அவள் உடுத்திவிட்டவர்கள்தானே உள்ளே போனார்கள் என்று ஒருவர் சொன்னார். அவள் மூச்சை முழுசாக அடக்கினாளா என்று யாருக்குத் தெரியும் என்றார் இன்னொருவர். கேன்டீனில் அவள் குடித்த தம்ளரை ஒரு பையன் இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டான். அதைப் பார்த்துக்கொண்டு நாற்பது பேர் சோறு தின்றார்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். குற்றம் உறுதியானால் பெயருக்கு எதிரே ‘மாசு’ என்று பதிவாகும். அந்தப் பதிவு விழுந்தால் குடியிருப்பில் இருக்க முடியாது. மருந்துக் கம்பெனிகளும் கதவில் மூக்கு வைக்க ஆரம்பித்திருந்த காலம். அந்த வட்டாரத்தில் எங்கேயும் வேலை கிடையாது. பேச்சித்தாயின் மகள் பத்தாம் வகுப்பு. தாய் மாசு என்றால் பிள்ளையையும் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குத் தள்ளி, பிறகு வாசலுக்குத் தள்ளுவார்கள்.

வெள்ளிக்கிழமை உடுத்தும் அறையில் பேச்சித்தாய் அங்கியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜிப்பில் கை வைக்காமல் நின்றாள்.

“மதினி, நீங்க பதினொண்ணு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவிய கேப்பாவ. நான் ஒருநா ஒருபொழுது ஒங்க மேல மூச்சு விட்டிருக்கனா? தும்மல் வந்தாகூட நாக்கைக் கடிச்சிக்கிடுவேன். பாருங்க.” நாக்கை நீட்டினாள். ஓரத்தில் பழைய தழும்புகள் வெளிறித் தெரிந்தன.

தங்கபுஷ்பத்தின் கை தானாக எழுந்து மூக்கைப் பொத்தியது. பேச்சித்தாய் அவ்வளவு கிட்டத்தில் வாயைத் திறந்து நின்றதில்லை.

“நான் என்னத்தட்டி சொல்ல முடியும்? மிஷின் சொல்லுது,” என்றாள் கைக்குள்ளிருந்து.

பேச்சித்தாய் அந்தக் கையைப் பார்த்தாள். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். மூச்சை அடக்கி, ஐம்பது எண்ணுவதற்குள் உடுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு முத்துக்குளிக்கிற பேச்செல்லாம் வரவில்லை.

உள்ளே கண்ணாடியின்முன் நின்றபோது தங்கபுஷ்பத்துக்கு வேலை ஓடவில்லை. கண்ணாடியில் முகமூடி போட்ட ஓர் உருவம் தெரிந்தது. அந்த நாக்குத் தழும்பு திரும்பத் திரும்ப வந்தது. மூக்கைப் பொத்தின தன் கையை நினைக்க நினைக்க வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அதுபோல.

வேலை முடிந்து நிஷாவின் அறைக்குப் போனாள்.

“டாக்டரம்மா, அந்த அழுக்கு மனுஷ உடம்புல இருந்து வந்ததுதான்னு நிச்சயமாத் தெரியுமா?”

நிஷா நாற்காலியை இழுத்துப் போட்டாள். “அதாம்க்கா எனக்கும் இடிக்கி. அழுக்குக்கும் கைரேகை உண்டு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீலத்தை முழுங்கும். நீலவிழில அஞ்சு வடிகட்டி இருக்கு. எந்த நீலம் எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு பாத்தா என்ன படிஞ்சிருக்குன்னு சொல்லிரலாம். தோல் எண்ணெய் இல்ல. தேங்காண்ணெய் இல்ல. வேர்வை, பவுடர், பசை, ஒண்ணுமே ஒத்து வரல. நம்ம பட்டியல்ல இருக்க நூத்தி நாப்பது சாமானையும் போட்டுப் பாத்துட்டேன்.”

“அப்ப பேச்சி இல்லியே! இதை மேல சொல்ல வேண்டியதான?”

“சொன்னேன். ‘அப்ப அவ என்னத்தப் பூசிக்கிட்டு வந்தான்னு கண்டுபிடிங்க’ன்னுட்டாரு டைரக்டர்.” நிஷா திரையை அணைத்தாள். “எனக்கு இந்த எடமே கொமட்டுது புஷ்பம்க்கா. முந்நூறு நட்சத்திரத்தைப் பாக்க வந்தோம். ஒரு பொம்பளையோட நாத்தத்தைத் தேடிட்டுக் கெடக்கோம்.”

வீட்டுக்கு வந்து கால் கழுவி, விளக்கேற்றினாள் தங்கபுஷ்பம். வெள்ளிக்கிழமை. சாமி அலமாரியைத் திறந்து சூடம் வைத்திருக்கும் எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து ஒரு கட்டியை எடுத்தபோது கூடவே இரண்டு மிளகு உருண்டு தரையில் விழுந்தது.

குனிந்து மிளகைப் பொறுக்கினவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சூட டப்பாவில் ஏன் மிளகு போடுகிறோம்? சும்மா வைத்தால் சூடம் கரைந்து போய்விடும். ஏற்ற வேண்டாம், தொட வேண்டாம், திறந்து வைத்தால் போதும். பத்து நாளில் கட்டி பாதியாகி, ஒரு மாதத்தில் டப்பா காலி. மிளகு போட்டால் கரையாது என்பது வழக்கம். அது உண்மையோ பொய்யோ, சூடம் காற்றில் போய்விடும் என்பது சூடம் வாங்குகிற எல்லாருக்கும் தெரியும்.

பெட்டி மூடின நாள் அவள் கண்முன் வந்தது.

டைரக்டர் ஆவுடையப்பன் சாருக்குப் பூஜை இல்லாமல் எதையும் அனுப்ப மனசு வராது. ஆனால் உள்ளறையில் தீ ஆகாது, புகை ஆகாது, பூ ஆகாது, தேங்காய்த் தண்ணீர் ஆகாது. யோசித்து யோசித்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சூடத்தை ஏற்றாமல் வைத்தால் என்ன? வெள்ளைவெளேர் என்று கட்டிச் சூடம், ஸ்பிரிட் போட்டுத் துடைத்த எவர்சில்வர் தட்டில், தொலைநோக்கியின் வாயருகே. புகை இல்லை, கரி இல்லை, சாமிக்கும் குறையில்லை. எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. அதை வைக்கிற கை மட்டும் சுத்தமான கையாக இருக்க வேண்டும் என்றார். பதினொன்று என்கிற கை. பெரிய சாமான்கள் போகிற, மூக்கில்லாத கதவு வழியாகத் தங்கபுஷ்பம் தட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனபோது கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றவர்கள் கும்பிட்டார்கள். அவளைத்தான் கும்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் எவ்வளவு இனித்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சாட்சித் தகட்டை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். சுத்தம் என்று கையெழுத்தாகிவிட்டது, இனி எதற்கு என்றார் டைரக்டர். லாரி வரத் தாமதம். நல்ல நேரம் முடிவதற்குள் தட்டை எடுக்கக் கூடாது என்பதால் அது மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தது. திரும்ப எடுத்தபோது கட்டியின் முனைகள் மழுங்கியிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்து, ஒன்றும் நினைக்கவில்லை. அந்த உள்ளறைக்குள் போகும்போது வளையலைக் கழற்றுவதுபோல, அடுக்களையில் தெரிந்துகொண்டதையெல்லாம் வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் போகப் பழகியிருந்தாள்.

ஜன்னலில் பாறை தெரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். பாறை அப்படியே இருக்கும், ஜன்னல் அப்படியே இருக்கும், பதினொன்று அப்படியே இருக்கும். திங்கட்கிழமை பேச்சித்தாய் மூட்டையைக் கட்டிக்கொண்டு போவாள். வேறொருத்தி வந்து மூச்சை அடக்கி உடுத்திவிடுவாள்.

தங்கபுஷ்பம் கொல்லைப்புறம் போய், குடித்த காப்பியையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே நிஷாவின் கையில் ஒரு சூடக்கட்டியைக் கொடுத்தாள். நிஷா அதன் கைரேகையை எடுத்து, நீலவிழியின் அழுக்கோடு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள்.

“ஒத்துப் போவுதா?”

“அச்சாப் பொருந்துதுக்கா. வெறுமன சூடமா இருந்தா அங்கே போனதும் பறந்திருக்கும். வெயில்பட்டுப் பிசினா ஒறைஞ்சிட்டு. காயக் காயக் கறுத்துக்கிட்டே போவுது. அதான் மாசா மாசம் நட்சத்திரம் கொறையுது.” நிஷா தலையில் கை வைத்தாள். “நூத்தி நாப்பது சாமான் பட்டியல்ல சூடம் இல்லவே இல்ல. மனுஷன்ட்ட இருந்து வாரது எல்லாம் இருக்கு. சாமிட்ட இருந்து வாரது ஒண்ணுகூட இல்ல.”

பத்து மணிக்கு விசாரணை அறையில் டைரக்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, பளபளப்பான மனிதர். எண் பதினாறு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கையில் திரவத்தைத் தேய்த்துக்கொள்வார். தேய்த்துத் தேய்த்து விரல்கள் அவித்த வள்ளிக்கிழங்குபோல் வெளுத்திருந்தன. பேச்சித்தாயை ஆறடி தள்ளிக் கதவோரம் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மின்விசிறி அவள்மேல் பட்ட காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கென்றே கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

நிஷா படங்களைக் காட்டிச் சொல்லி முடித்தாள். டைரக்டர் திரையைப் பார்க்கவில்லை.

“என்னம்மா சொல்றீங்க? சூடம் எப்படி அழுக்காகும்? அது சாமி விஷயம். அதை இதுல இழுக்காதீங்க.”

“இழுக்கல சார். மூக்கைக் கேட்டுப் பாப்போம்,” என்றாள் தங்கபுஷ்பம்.

அந்த அறைக் கதவிலும் மூக்கு உண்டு. அவள் மடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். மிளகைப் பொறுக்கி மேசைமேல் வைத்தாள். கதவுச் சட்டத்துக்கு நடுவில் போய் நின்று, மூடியைத் திறந்தாள்.

அந்த ஊரில் யாரும் அதுவரை பார்த்திராத எண் வந்தது. மூன்று இலக்கம். பிறகு மூன்று கோடுகள். பிறகு மூக்கு கூவ ஆரம்பித்தது.

டைரக்டர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தபோது தங்கபுஷ்பத்துக்கு ஒரு நிம்மதி வந்தது. அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

“சரி,” என்றார் அவர் மெதுவாக. “அந்தச் சூடத்தை வச்ச கை யாரோடது?”

“என் கைதான் சார். நீங்கதான் வைக்கச் சொன்னீங்க.”

“நான் சூடம் வைக்கச் சொன்னேன். அதைத் தொட்டது நீங்க.” கையில் திரவத்தைத் தேய்த்துக்கொண்டார். “கோவில்ல எத்தனை தலைமுறையா வைக்கிறாங்க, ஒண்ணும் ஆகல. இங்க மட்டும் ஆகுதுன்னா, யோசிக்க வேண்டியது சூடத்தைப் பத்தியா?”

நிஷா எழுந்துவிட்டாள். “சார், இது அசிங்கமா இருக்கு.”

“உக்காருங்க டாக்டர். உங்க தொலைநோக்கிதான் வீணாப் போயிருக்கு, ஞாபகம் இருக்கட்டும். அடுத்ததும் உங்களுக்கு வேணும்ல?” பிறகு குரலைத் தணித்தார், பெருந்தன்மையாக. “யாருக்கும் கஷ்டம் வேண்டாம். ‘காரணம் அறியப்படவில்லை’ன்னு எழுதிடறேன். அந்தப் பொம்பளை போகலாம். சூடம்ங்கற வார்த்தை இந்த ரூமை விட்டுப் போகக் கூடாது.”

பேச்சித்தாய் மின்விசிறிக்குப் பக்கத்தில் கும்பிட்டாள். எதைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

தங்கபுஷ்பம் வெளியே போகத் திரும்பினாள். அவள் டப்பாவை மூடி மடியில் வைத்திருந்தாள். கையெல்லாம் சூடம். கதவைக் கடக்கும்போது மேலே சிவப்பில் எரிந்தது. தொண்ணூற்று மூன்று. அவள் பெயருக்கு எதிரே அந்த எண் தானாகப் பதிவாயிற்று. மிஷின் ஆள் பார்க்காது.

வாசலில் நின்ற காவலாளி, நேற்றுவரை அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டவர், இரண்டடி பின்னால் போனார்.

“கவலைப்படாதீங்க,” என்றார் டைரக்டர் பின்னாலிருந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி. “நல்லாக் கையைக் கழுவிட்டு நாளைக்கு வந்து நில்லுங்க. பழையபடி பதினொண்ணு வந்துடும். நான் சொல்லி வைக்கிறேன்.”

கழுவினால் போதும். ஒரு சோப்பு, ஒரு குவளைத் தண்ணீர். அவள் குழாயடிவரை போனாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கும்பிட்ட கூட்டம் ஞாபகம் வந்தது, நாக்குத் தழும்பு ஞாபகம் வந்தது. குழாயை மூடிவிட்டு, டப்பாவிலிருந்து இரண்டு கட்டிச் சூடத்தை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள்.

மறுநாளும் முடிந்துகொண்டாள். அதற்கு மறுநாளும். கதவு தொண்ணூற்றிரண்டு என்றது, தொண்ணூற்றைந்து என்றது. உள்ளறைக்கு வேறு ஆள் போட்டார்கள். அங்கிகளை மடித்து அடுக்குகிற வேலை கொடுத்தார்கள். முதல் வரிசை வீட்டைக் காலி செய்து, கடைசி வரிசைக்குச் சாமானைத் தூக்கினாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

“புஷ்பம்க்கா, பைத்தியமா ஒங்களுக்கு? அவிழ்த்துப் போட்டுட்டுக் கையைக் கழுவுங்க,” என்றாள் நிஷா. அந்த மாதம் இருநூற்று நான்கு நட்சத்திரம்தான் தெரிந்தது.

“மிச்சதெல்லாம் அங்கதான இருக்கு? எரிஞ்சிட்டுதான இருக்கு?”

“ஆமா.”

“பெறவு என்ன,” என்றாள் தங்கபுஷ்பம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டுப் பஸ்ஸின் பின்வாசலில் ஏறினாள். முன்பக்கம் பாதி காலி. பின்பக்கம் நெரிசல். கடைசி இருக்கையில் ஜன்னலோரம் பேச்சித்தாய் இருந்தாள். பக்கத்தில் ஓர் இடம். தங்கபுஷ்பம் அங்கே போய் உட்கார்ந்தாள்.

பேச்சித்தாய் வெடுக்கென்று ஜன்னலோடு ஒண்டினாள். சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். தொண்ணூற்று நாலு என்பது அவளுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும், கேன்டீன் பலகையில் போட்டிருக்கிறதே.

மூக்கைப் பொத்தின அந்தக் கையைத் தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். அது அவளுடைய கைதான். நாலு வருஷமாக அவள் கற்றுக்கொடுத்த கை.

பஸ் பாறையைச் சுற்றித் திரும்பியது. வெயில் இந்தப் பக்கம் வந்தது. கொஞ்ச நேரத்தில் தலைப்பு ஒரு விரலளவு இறங்கியது.

“மதினி.”

“என்னட்டி?”

“முந்தில என்னத்த முடிஞ்சு வச்சிருக்கிய?”

“சூடம்.”

பேச்சித்தாய் அந்த முடிச்சைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். தலைப்பு மடியில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

“வெறும் சூடமாவா வச்சிருக்கிய? ரெண்டு மிளகு போட்டு முடிய வேண்டியதான? கரைஞ்சு போவும்லா.”

“கரையட்டும்.”

“நல்லாக் கரையும்! ஊரையே நாறடிக்கப் போறிய,” என்றாள் பேச்சித்தாய். சொல்லிவிட்டுச் சிரித்தாள். தங்கபுஷ்பத்தின் முகத்துக்கு நேராக, வாயை அகலத் திறந்து, அடக்காமல்.

அந்த மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. வெதுவெதுவென்று இருந்தது. மத்தியானம் கடித்துக்கொண்ட சின்ன வெங்காயமும் மோரும் கலந்த மணம். நாலு வருஷத்தில் பேச்சித்தாயின் வாசனை இதுதான் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.